+1க்குத் தனியார் உறைவிடப் பள்ளி: கல்லூரி சீட் கிடைப்பதில் பள்ளிக்கு என்ன பங்கு?

கரூர்_அப்பா

வணக்கம். மகள் பத்தாவது முடித்திருக்கிறாள், 500க்கு 471. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிதான். தங்கை மகனும் பத்தாவது முடித்தான், தனியார் மெட்ரிக், 448. அவளுக்கு டாக்டர் ஆசை, அவனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்.

நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் இரண்டு பேரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். +1, +2 பாடத்தோடு நீட் (மருத்துவ நுழைவுத் தேர்வு), ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி மாதிரி மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) பயிற்சியும் சேர்த்து 'இன்டகிரேட்டட்' வகுப்பாம். மகளுக்கு மதிப்பெண்ணைப் பார்த்துப் பாதிக் கட்டணம்: விடுதியோடு இரண்டு வருஷத்துக்கு 2.4 லட்சம். பையனுக்கு 4.5 லட்சம். பள்ளி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ், "நீட்டில் 212 பேர் தகுதி" என்று.

நல்ல பெயருள்ள தனியார் பள்ளியில் படித்தால் கவுன்சலிங்கில் அதற்கென்று ஏதாவது மதிப்பு உண்டா? பையனைச் சிபிஎஸ்இக்கு மாற்றினால் நல்லதா? மாப்பிள்ளை (தங்கை வீட்டுக்காரர்) அவனை ராஜஸ்தானில் கோச்சிங்குக்குப் பேர்போன கோட்டா நகரத்துக்கே அனுப்பிவிடலாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

---

பாடவேளை

சார், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைப் படித்துவிடுங்கள். உங்கள் மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்குப் போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து வருஷம் படித்தாகிவிட்டது, மிச்சம் இரண்டே வருஷம்.

மருத்துவத்துக்கு இது 2020இல் சட்டமானது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இல் தனிச் சட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. தனியார் மருத்துவக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான். அந்த 2.4 லட்சத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தப் பட்டியலில் சீட் கிடைக்கும் நீட் மதிப்பெண், அதே சமூகப் பிரிவின் பொதுப் பட்டியலைவிட நன்றாகவே கீழே இறங்கும். ஆகவே உங்கள் மகள் விஷயத்தில் "பள்ளித் தேர்வு கல்லூரி சீட்டைப் பாதிக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் பலமான ஆமாம், ஆனால் ஃபிளெக்ஸ் வைத்தவர்கள் நினைக்கிற திசையில் அல்ல.

ஊர்ப்பக்கம் பலர் தடுக்கி விழுகிற இடங்கள் இவை. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது, "எய்டடும் கவர்மெண்ட் மாதிரிதானே" என்று நம்பி மாற்றியவர்கள் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியாரில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் சேருவார்கள். பதிவுகளை எமிஸ் தளத்தில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு) சரிபார்ப்பார்கள். அதில் ஏதாவது ஒரு வகுப்பு தவறாக ஏறியிருந்தால் +1 சேரும்போதே தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். +2 முடிந்து கவுன்சலிங் நேரத்தில் ஓடினால் வேலை ஆகாது.

மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. உண்டு உறைவிடம், கட்டணம் கிடையாது, போட்டித் தேர்வுப் பயிற்சியும் உண்டு, 7.5ம் போகாது. 471 எடுத்த பெண்ணுக்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

---

கட்ஆஃப்_கணக்கு

பையன் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் பள்ளி பெயருக்கு ஒரு புள்ளி கூட மதிப்பு இல்லை. விண்ணப்பத்தில் பள்ளி பெயரை நிரப்புவீர்கள், தரவரிசை போடும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. கணக்கு இவ்வளவுதான்: கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. இதுதான் கட்ஆஃப். சமமாக வந்தால் முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமம் என்றால் பிறந்த தேதி, அதன் பிறகு ரேண்டம் எண்.

இதில் பெற்றோர் கவனிக்காதது கணிதத்தின் கனம். கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்ஆஃபில் ஒன்று முழுசாகப் போகும். இயற்பியலில் ஒன்று போனால் அரைதான். இன்டகிரேட்டட் வகுப்புகளில் இரண்டு வருஷமும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியே ஓடும், ஐந்து மதிப்பெண் கணக்கைப் படிப்படியாக எழுதுவதற்கு டிசம்பருக்கு மேல்தான் நேரம் ஒதுக்குவார்கள். விடை சரியாக இருக்கும், நடுவில் படிகள் இருக்காது, மதிப்பெண் வெட்டுப்படும். கணிதம் 96, இயற்பியல் 94, வேதியியல் 95 என்றால் 96 + 47 + 47.5 = 190.5. அதே பையன் 100, 97, 98 எடுத்தால் 197.5. பெற்றோர் பார்வையில் இரண்டுமே "நல்ல மார்க்". நடுவில் ஆயிரக்கணக்கான பேர் நிற்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் 199க்கு மேலேயே முடிந்துவிடும்.

சிபிஎஸ்இ மாற்றம் வேண்டாம் என்பேன், குறிக்கோள் தமிழ்நாட்டுக் கவுன்சலிங் என்றால். வெவ்வேறு போர்டு மதிப்பெண்ணைச் சமன் செய்ய ஒரு விதி இருக்கிறது: மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தின் அதிகபட்சம் 100, இன்னொரு போர்டில் 95 என்றால், அங்கே 76 எடுத்தவருக்கு 80 ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிபிஎஸ்இயில் நாடு முழுக்க யாரோ ஒருவர் 100 எடுத்துவிடுவார், விதி காகிதத்தோடு நின்றுவிடும். அதன் கணிதத் தாள் எழுத்துக்கு 80, அக மதிப்பீடு 20. மாநிலப் பாடத்தில் 90 + 10. இயற்பியல், வேதியியலில் இரண்டிலும் எழுத்துக்கு 70தான். எண்களில் பெரிய வித்தியாசம் இல்லை, கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. பத்து வருஷம் ஒரு பாணியில் படித்தவனை +1இல் இன்னொரு பாணிக்குத் தள்ளினால் முதல் அரையாண்டு பழகுவதற்கே போகும்.

ஜேஇஇக்கு மட்டும் போர்டு மதிப்பெண் வாசற்படி மாதிரி: ஐஐடி, என்ஐடி சேர +2இல் 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டிக்கு 65) அல்லது தன் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் (எழுதியவர்களில் முதல் 20 சதவீதம் பேருக்குள்). அதைத் தாண்டிவிட்டால் பிறகு அது எண்ணிக்கையில் வராது. தனியார் கல்லூரியான பிட்ஸ் பிலானிக்கு இந்த மூன்று பாடங்களின் சராசரி 75, தனித்தனியாக 60 தேவை.

---

வெள்ளைக்கோட்டு

பாடவேளை சார் சொன்ன 7.5 விஷயம் முழுக்கச் சரி. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. சில அரசுப் பள்ளிகளில் +1க்கு இயற்பியல் ஆசிரியர் இடம் மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும். நீட்டில் இயற்பியல் 45 கேள்வி, 180 மதிப்பெண். பெரும்பாலும் பிள்ளைகளை மூழ்கடிப்பது அதுதான், உயிரியல் இல்லை. ஒதுக்கீடு இருந்தும் அந்த மதிப்பெண்ணையாவது எடுக்க வேண்டுமே. ஆகவே பள்ளியில் மூன்று அறிவியலுக்கும் முதுகலை ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் வேறு அரசுப் பள்ளி, அல்லது மாதிரிப் பள்ளி. தனியாருக்குத் தாவுவது கடைசி வழி.

ஃபிளெக்ஸுக்கு வருவோம். "தகுதி" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 2025 நீட்டில் தகுதி மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 720க்கு 144, ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 113. அதற்கும் அரசுக் கல்லூரி எம்பிபிஎஸ் சீட்டுக்கும் நடுவே பல நூறு மதிப்பெண் கிடக்கிறது. 212 பேர் தகுதி என்று போடும் பள்ளியில் அரசு எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் ஒற்றை இலக்கமாகவும் இருக்கலாம். இப்படிக் கேளுங்கள்: +2 படித்துக்கொண்டே முதல் முறை எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கல்லூரியில்? ஒரு வருஷம் வீட்டிலிருந்து திரும்ப எழுதும் பிள்ளைகளை அதே வளாகத்தில் தனி பேட்ச் வைத்து, அவர்கள் படத்தையும் பள்ளிக் கணக்கில் ஒட்டிவிடுவார்கள்.

இந்தத் திரும்ப எழுதும் கணக்கு சாதாரணமானதல்ல. நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கைப்படி, 2020-21இல் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே ஒரு முறையாவது எழுதியவர்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீட் கிடைத்தது +2 முடித்த பிறகு எழுதிய தேர்வில். +1, +2 எந்தப் பள்ளி என்பதைவிட, தேவைப்பட்டால் அந்த இன்னொரு வருஷத்துக்குக் கையில் காசும் மனமும் இருக்கிறதா என்பது பெரிது. இரண்டு வருஷப் பள்ளிக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, மூன்றாம் வருஷம் கைவிரிக்கும் குடும்பங்கள்தான் அதிகம் நஷ்டப்படுகின்றன.

இன்னொன்று, குரூப். நீட் பேட்ச் என்று சொல்லிச் சில இடங்களில் கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவில் போட்டுவிடுவார்கள். நேரம் மிச்சம் என்பார்கள். எம்பிபிஎஸ் கிடைக்காவிட்டால் பொறியியல் கதவு மொத்தமாக மூடிவிடும். பயோ-மேத்ஸ் என்றால் இரண்டும் திறந்திருக்கும். கணிதத்தில் ரொம்பத் தடுமாறுகிற பிள்ளை என்றால் மட்டும் தூய அறிவியல். அப்போதும் போர்டு மதிப்பெண்ணை அலட்சியப்படுத்தாதீர்கள்: கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர், பார்மசி எல்லாம் நம் மாநிலத்தில் +2 மதிப்பெண்ணில்தான் போகின்றன.

---

காவிரிக்கரை

கோட்டா யோசனைக்கு ஒரு தடை. என்ஐடிகளில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. அந்த "மாநிலம்" எது என்பதைப் பிறந்த ஊரோ ஆதாரோ முடிவு செய்வதில்லை, +2 தேர்ச்சி பெற்ற பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுதான். கோட்டாவில் +2 முடித்தால் பையன் ராஜஸ்தான்காரன். திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டுக்கான பாதி இடம் போச்சு. பதிலாகக் கிடைப்பது ஜெய்ப்பூர் என்ஐடியின் மாநில இடங்கள். விஜயவாடா, ஹைதராபாத் போகிறவர்களுக்கும் இதே கதை. காரைக்காலில் இருக்கும் என்ஐடி புதுச்சேரி ஒதுக்கீட்டில் வரும், அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐஐடிகளுக்கு மாநில ஒதுக்கீடு இல்லை, அங்கே மட்டும் இது பிரச்சினை ஆகாது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கிலும், எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று வேண்டாம். வெளியே போய்ப் படித்தால் கேட்பார்கள். தாலுகா ஆபீஸ் வேலை ஒன்று கூடும், அவ்வளவுதான், வாய்ப்பு போகாது.

பேருக்கு ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு முழு நேரமும் கோச்சிங்கில் உட்காரும் 'டம்மி' ஏற்பாட்டைத் தொடவே வேண்டாம். சிபிஎஸ்இ 75 சதவீத வருகை கேட்கிறது. 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலுமாக 21 பள்ளிகளின் இணைப்பை இதற்காகவே ரத்து செய்தார்கள். நடுவில் அப்படி ஆனால் பிள்ளையின் தேர்வு எண் அந்தரத்தில் நிற்கும்.

ஜேஇஇ ஃபிளெக்ஸ் படிப்பதற்கும் ஒரு வழி: "99" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் கீழே பொடி எழுத்தைப் பாருங்கள். அது ஒரு பாடத்தின் பெர்சன்டைலாக இருக்கும். மொத்த பெர்சன்டைலே 99 என்றாலும், சுமார் 15 லட்சம் பேர் எழுதும் தேர்வில் அது 15,000ஆம் இடம் வாக்கில். திருச்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அதற்கு ரொம்ப முன்பே தீர்ந்துவிடும்.

---

டல்லாஸ்_வாசு

ஒரு சின்ன ஓரக்குறிப்பு. மேலே சொன்னதெல்லாம் தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் ஓடுகிற சேர்க்கைக்கு. அமெரிக்கக் கல்லூரி, அல்லது இந்தியாவிலேயே அசோகா பல்கலைக்கழகம் மாதிரி விண்ணப்பம், கட்டுரை, நேர்காணல் பார்க்கும் இடம் என்றால் பள்ளிக்கு மதிப்பு உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மதிப்பெண், பள்ளி ஆலோசகரின் கடிதம், ஆசிரியர் பரிந்துரை எல்லாம் போகும். இங்கே ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்வர்டு போன்ற 'ஐவி' வரிசைப் பெரிய கல்லூரிகள் 12இல் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், அதே எஸ்ஏடி (அங்கே கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) மதிப்பெண் எடுத்த நடுத்தர வீட்டுப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் சேருகிறார்கள் என்று காட்டினார்கள். முன்னாள் மாணவர் வாரிசு, விளையாட்டு, படிப்பு அல்லாத மதிப்பீடு ஆகிய மூன்றும் காரணம் என்றார்கள். அந்த மூன்றாவதில் தனியார் பள்ளிகளின் பரிந்துரைக் கடிதங்களுக்கும் பங்கு உண்டு. கரூர் அண்ணன் கேள்விக்கு இது தேவையில்லை. "வெளிநாட்டில் எல்லாம் ஸ்கூல் நேம்தான் சார்" என்று பள்ளி அலுவலகத்தில் யாராவது ஆரம்பித்தால் உதவும்.

---

கரூர்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. 7.5 விவரத்தைப் பள்ளிக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளை மாற்றப் போவதில்லை, மாதிரிப் பள்ளியில் விசாரிக்கிறேன். பையன் எப்படியும் தனியாரில்தான் இருந்தவன், அவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளியை நேரில் பார்க்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

---

கட்ஆஃப்_கணக்கு

முதல் கேள்வி: +1 பாடத்தை +1இல் முழுசாக நடத்துகிறார்களா? இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2007இல் நுழைவுத் தேர்வு போன பிறகு, 2017இல் நீட் வரும் வரை மருத்துவமும் பொறியியலும் +2 மதிப்பெண்ணில் போயின. நிறைய பள்ளிகள் +1 புத்தகத்தைத் திறக்காமலேயே இரண்டு வருஷமும் +2 பாடத்தை அரைத்தன. அதை நிறுத்தத்தான் 2017-18இல் +1க்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அது இல்லை. பழைய பழக்கம் திரும்ப வழி இருக்கிறது. ஜேஇஇயில் ஏறக்குறைய பாதிக் கேள்வி +1 பாடம். இயக்கவியல் ஒழுங்காக நடக்காதவனுக்கு +2 இயற்பியலும் தடுமாறும். போன வருஷ +1 மாணவன் ஒருவனின் இயற்பியல், கணித நோட்டை வாங்கிப் புரட்டுங்கள், எந்தப் பாடத்தோடு நிற்கிறது என்று அதுவே சொல்லும்.

இரண்டாவது, கால அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். காலை 5 முதல் இரவு 10 வரை வகுப்பு என்று பெருமையாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். தானாக உட்கார்ந்து கணக்குப் போட நாளுக்கு மூன்று மணி நேரமாவது இல்லாத அட்டவணையில் ஜேஇஇ தேறாது. வாரத்துக்கு ஒரு எழுத்துத் தேர்வு, போர்டு பாணியில், திருத்திய தாள் கையில் கிடைக்கும்படி இருக்க வேண்டும். ஓஎம்ஆர் தேர்வு (விடைக்கான வட்டத்தை நிரப்புவது) மட்டும் என்றால் மேலே சொன்ன 190.5 கதைதான்.

மூன்றாவது, ஆசிரியர்கள் இரண்டு வருஷமும் அதே ஆட்களா? பயிற்சிக்கு வெளி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் நடுவில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

---

பாடவேளை

பண விஷயத்தை நான் சேர்க்கிறேன். 4.5 லட்சத்தைப் பள்ளிக் கட்டணம், விடுதி, உணவு, பயிற்சி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணத்தை அரசின் கட்டண நிர்ணயக் குழு தீர்மானிக்கிறது, 2009 சட்டப்படி. பயிற்சி, விடுதி என்ற பெயரில்தான் மிச்சமெல்லாம் ஏறும். ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள்: பள்ளியா, அறக்கட்டளையா, பயிற்சி மையமா? பையன் ஆறு மாதத்தில் பிடிக்காமல் திரும்பி வந்தால் யாரிடம் கேட்பது என்பது அந்த ரசீதில்தான் இருக்கிறது. ஒரே தவணையில் கட்டாதீர்கள், பருவத்துக்கு ஒன்றாகக் கேளுங்கள். +1 முடிவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் விண்ணப்பப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று இரண்டையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், நகலை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள்.

"இந்த வாரத்துக்குள்" என்ற அவசரத்துக்கு மசிய வேண்டாம். அவர்களுக்கு இடம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். பையன் இப்போது படித்த மெட்ரிக் பள்ளியிலேயே +1 கணிதம், இயற்பியலுக்கு யார் எடுக்கிறார்கள் என்றும் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஆசிரியர் நன்றாக இருந்தால் அங்கேயே விட்டு, மாலையில் ஜேஇஇக்கு மட்டும் ஊரில் தனி வகுப்பு வைக்கலாம். விடுதிச் செலவும் மிச்சம், வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும்.